அனுமதி கேட்காமல் மாட்டிய ஃபேன்

ஒரு ஃபேன் மாட்ட அனுமதி கேட்டு நான் பதினான்கு கடிதங்கள் டைப் அடித்திருக்கிறேன். எல்லாம் இங்கிலீஷில், ஒவ்வொன்றும் நான்கு நகல். முதல் கடிதத்தை அடித்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கடைசிக் கடிதத்தை அடித்தபோது என் மூத்த மகள் ஒண்ணாம் கிளாஸில் படித்துக்கொண்டிருந்தாள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போகலாம். நடுவில் ஒரு பெண் செத்துப்போனாள், அதனால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அறுபதுகளின் நடுவில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, விருத்தாசலத்திலேயே வேலை கிடைத்த அதிர்ஷ்டசாலி நான். அப்பாவுக்கு ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் வேலை. வீட்டிலிருந்து ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தால், ஊருக்கு வெளியே மேட்டில் பீங்கான் கொட்டகைகள். அங்கே அரசாங்கத்தின் பொது நிலையம் ஒன்று இருந்தது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைப் பதினான்கு கடிதங்களின் தலையில் அடித்தது போதும். அந்த நிலையத்தில் கல்லும் மண்ணும் அரைத்துக் கொடுப்பார்கள். சுற்றியிருந்த சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் அதை வாங்கிப்போய்க் கப்பும் சாஸரும் ஊறுகாய் ஜாடியும் ஃபியூஸ் கட்டையும் செய்து கொண்டுவந்து, நிலையத்து ஆட்களை வைத்துப் பூ வரைந்து, அங்கேயே பெரிய சூளையில் சுட்டு எடுத்துக்கொண்டு போவார்கள்.

கல் உடைக்கிற கொட்டகை என் ஜன்னலுக்கு நேர் எதிரில். வெள்ளைக் கல்லை ஆண்கள் மெஷினில் போட்டு நொறுக்க, எட்டுப் பெண்கள் அந்தப் பொடியைச் சலிப்பார்கள். சாயங்காலம் அவர்கள் வெளியே வரும்போது புருவம், கண்ணிமை, மூக்கோரம் எல்லாம் வெளுத்து ஒரே வயசுக்காரர்களாகத் தெரிவார்கள். யார் யார் என்று குரலை வைத்துத்தான் எனக்கு அடையாளம். சுவரில் தூசியை வெளியே இழுக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் அதன் மோட்டார் எரிந்து நின்றுவிட்டது.

நிலையத்தை நடத்தியவரை எல்லோரும் சூப்பிரண்டு சார் என்போம். கும்பகோணம் பக்கத்துக்காரர், பீங்கான் படிப்பு படித்தவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். விளக்குமாறும் பினாயிலும் வாங்குவதற்கு மட்டும்தான் அவருக்குச் சொந்த அதிகாரம் இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் மெட்ராஸைக் கேட்க வேண்டும். கேட்டார். நான் டைப் அடித்தேன். ஃபேன் என்பது மெஷினைச் சேர்ந்ததா கட்டடத்தைச் சேர்ந்ததா என்று பதில் வந்தது. மெஷினைச் சேர்ந்தது என்று எழுதினோம். அப்படியானால் எரிந்த மோட்டாரைப் பரிசோதித்து இது ரிப்பேருக்கு லாயக்கில்லை என்று மெட்ராஸ் இன்ஜினியர் சான்று தர வேண்டும் என்றார்கள். இன்ஜினியரை அனுப்பும்படி எழுதினோம். இன்ஜினியர் பதவி காலியாக இருப்பதாகப் பதில் வந்தது. பிறகு மூன்று கொட்டேஷன் கேட்டார்கள், மூன்றும் மெட்ராஸ் கம்பெனியிலிருந்து. அதை அனுப்பியபோது மார்ச் முடிந்துவிட்டது, புது வருஷத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்கவும் என்று எழுதினார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு இருமல் சத்தம் கேட்கவில்லை. என் மேஜைக்குக் கேட்டது.

இருமியவர்களில் ஒருத்தியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நல்லூர் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் பிறந்து, வேலைக்காக ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் காலனித் தெருவில் குடிசை போட்டு வந்தவள். புருஷன் கரும்பு வெட்டு சீசனில் பெண்ணாடத்தில் கிடப்பார், மற்ற மாதங்களில் எங்கே வேலையோ அங்கே. ஒரே மகள். அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. சுவரொட்டிகளைப் பார்த்துத் தானாகவே எழுத்துக் கூட்டப் பழகிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் ஜன்னலுக்கு வந்து நின்று, மெட்ராஸிலிருந்து என்ன பதில் வந்தது என்று கேட்பாள். நான் இங்கிலீஷைத் தமிழில் சொல்வேன். கோபப்படமாட்டாள். ஒரு நாள் மட்டும் கேட்டாள்.

"மெட்ராஸ்ல கையெழுத்துப் போடறவரு மூஞ்சிய நீங்க பாத்துருக்கீங்களாம்மா?"

"இல்லக்கா."

"அவரு எங்க மூஞ்சிய பாத்துருக்காரா?"

"இல்ல."

"அப்புறம் அவருக்கு எப்புடி வெக்கம் வரும்?"

இருமல் அதிகமானபோது அவளை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்று இருந்த டாக்டர் இளைஞர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, என்ன வேலை என்று விசாரித்தார். கல் பொடி சலிக்கிறாள் என்றதும் காதிலிருந்து குழாயை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். இது காசம் மாதிரி இருக்கிறது, ஆனால் காசம் இல்லை, கல் தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது என்றார். அதைச் சீட்டில் எழுதித் தாருங்கள், மெட்ராஸுக்கு அனுப்புகிறேன் என்றேன். அவர் தயங்கினார். இது தொழிலால் வந்த வியாதி என்று சொல்ல வேண்டியவர் வேறு, அவர் இந்த ஊரில் இல்லை, தான் எழுதினால் அது செல்லாது என்றார். இருமலுக்கு மருந்து எழுதினார். வியாதியின் பெயரைச் சொல்வதற்குக்கூட எங்கள் ஊரில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பஞ்சாயத்துத் தலைவரைப் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னது அக்காதான். எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் நெல் மண்டி வைத்திருந்தவர். காலனித் தெருவுக்குக் குழாய் போடாமல் இரண்டு வருஷம் இழுத்தடித்த மனிதர். அதிகாரம் ஊரிலேயே இருந்தால் அது ஊர்ப் பெரிய மனிதர்கள் கையில்தானே இருக்கும், அவர்கள் உங்கள் தெருவுக்கு என்ன செய்துவிட்டார்கள் என்று அவளிடமே கேட்டேன்.

"ஒண்ணும் செய்யலதான்" என்றாள். "அவரு நல்லவருன்னு நான் சொன்னனா? குடத்த எடுத்துகிட்டு முப்பது பொம்பளைங்க போயி அவரு மண்டி வாசல்ல குந்துனோம். யாவாரம் நின்னு போச்சு. மூணாம் நாளு கொழா வந்துது. மெட்ராஸ்ல யாரு வூட்டு வாசல்ல போயி குந்தறது?"

அதற்குப் பிறகு படித்தவர்கள் எத்தனையோ பேர் ஆட்சி, அதிகாரம், பரவலாக்கல் என்று பேசக் கேட்டிருக்கிறேன். அவள் அன்று சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

மண்டிக்குப் போனோம். அக்கா, இன்னும் நான்கு பெண்கள், நான். தலைவர் எங்களைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார், பழைய அனுபவம். அது கவர்ன்மெண்டு கொட்டகை, அதில் தனக்குப் பேச்சே கிடையாது என்றார். உண்மைதான், கிடையாது. அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல் வந்துவிட்டது. ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் இருமினாள். எடை போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நெல் விற்க வந்த விவசாயிகள் பார்த்தார்கள். தலைவர் செம்பில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். அது அவள் கைக்கு வருவதற்குள் ஒரு முறை தயங்கியது, அதையும் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அவரே வாங்கிக் கொடுத்தார்.

"மெஷின நிறுத்தித் தர்றதுக்கு உங்க சூப்பிரண்டு ஒத்துக்குவாரா?" என்று என்னைக் கேட்டார்.

நான் சூப்பிரண்டு சாரிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, தனக்கு வெள்ளிக்கிழமை ஊரில் ஒரு வேலை இருப்பதாகவும், அன்றைக்கு லீவு போட்டிருப்பதாகவும் சொன்னார். லீவு விண்ணப்பத்தையும் என்னையே டைப் அடிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் பஞ்சாயத்துப் பம்ப் செட்டுகளைப் பார்த்துக்கொள்கிற ஃபிட்டர் வந்தார். நெல் மில் ஒன்றில் உமியை ஊதித் தள்ளுவதற்கு வைத்திருந்து, ஓரமாகப் போட்டுவிட்ட பழைய ஊதுகுழல் விசிறி ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். தகரப் பட்டறைக்காரர் குழாய் வளைத்துக் கொடுத்தார். கல் நொறுக்கும் மெஷினின் ஷாஃப்டிலிருந்தே ஒரு பெல்ட் போட்டு அதை ஓடவிட்டார்கள். தூசியை இழுத்து, கொட்டகைக்குப் பின்னால் தோண்டிய தண்ணீர்க் குழியில் தள்ளியது. மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. அரை நாள். நான் அப்போது ஆறாவது கடிதத்துக்குப் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷினை ஓட்டிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். வாசலில் நின்றே எட்டுப் பேர் முகமும் தெரிந்தது. அதில் ஒருத்திக்கு மோவாயில் பச்சை குத்தியிருந்தது. மூன்று வருஷமாக நான் அவளைத் தினமும் பார்த்திருக்கிறேன், அந்தப் பச்சையை அன்றுதான் பார்த்தேன்.

நான்கு மாதம் அது ஓடியது. அக்காவுக்கு இருமல் முழுதாகப் போகவில்லை. ஆனால் ஏறவில்லை. புதிதாக யாருக்கும் வரவில்லை.

ஐந்தாம் மாதம் மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு அதிகாரி வந்தார். காலை ரயிலில் வந்து, சாயங்கால ரயிலில் திரும்புவதாக ஏற்பாடு. மடிப்புக் கலையாத நைலான் சட்டை. கொட்டகைக்குள் நுழைந்ததும் தகரக் குழாயைப் பார்த்தார். இது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்டார். எதிலும் இல்லை. யார் அனுமதி கொடுத்தது? சூப்பிரண்டு சார், தான்தான் என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது, ஆனால் சொன்னார். அதற்காக அவரை நான் இன்றைக்கும் கும்பிடுவேன்.

பதிவேட்டில் இல்லாத பொருள் அரசாங்கக் கட்டடத்தில் இருக்கக் கூடாது, தான் கிளம்புவதற்குள் கழற்றியாக வேண்டும் என்றார் அதிகாரி. அக்கா முன்னால் வந்து, அய்யா இது இருந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்று சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ எங்கே குடியிருக்கிறாய் என்று சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"வூடு கேட்டுக்கு அந்தாண்ட இருக்குதுங்க" என்றாள்.

அவர் கூட வந்த உதவியாளர் பக்கம் திரும்பி, "வூடு" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பாகக்கூட இல்லை, மிருகக்காட்சிச் சாலையில் ஏதோ ஒன்று எதிர்பாராமல் சத்தம் போட்டால் சிரிப்பார்களே, அப்படி. எழும்பூர் ஸ்டேஷனில் அவரை ஏற்றிக்கொண்டு போகிற ரிக்‌ஷாக்காரரும் வூடு என்றுதான் சொல்லியிருப்பார். அவர் பேச்சையும் இந்த மனிதர் காது கொடுத்துக் கேட்டிருக்கமாட்டார்.

வாட்ச்மேனும் இரண்டு கூலிக்காரர்களும் குழாயைக் கழற்றினார்கள். சாயங்காலத்துக்குள் ஊதுகுழல் சூளைக்குப் பின்னால் மண்ணில் கிடந்தது. ஆறு வாரத்தில் சூப்பிரண்டு சாரை மாற்றிவிட்டார்கள், தர்மபுரிப் பக்கம் எங்கேயோ. அந்த மாற்றல் உத்தரவு மட்டும் ஒரே கடிதத்தில் வந்து சேர்ந்தது.

அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நாங்கள் யார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. தஞ்சாவூர்க்காரர்களுக்கு நாங்கள் வடக்கத்திக்காரர்கள். மெட்ராஸ்காரர்களுக்குத் தெற்கத்திக்காரர்கள். எங்கள் மாவட்டத்துக்குப் பெயர் தென்னார்க்காடு. ஆர்க்காடு எங்கள் மாவட்டத்திலேயே இல்லை. யாரோ ஒரு நவாப், அதற்குப் பிறகு யாரோ ஒரு வெள்ளைக்காரர், ஆர்க்காட்டில் உட்கார்ந்துகொண்டு தெற்கே கையைக் காட்டி வைத்த பெயர். எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயிலில் தேவாரம் பாடுகிற ஓதுவாரைக் கேட்டால் இது நடுநாட்டுத் தலம் என்பார். அவ்வளவு பழைய பெயர் எங்களுக்கு இருந்திருக்கிறது. எந்த ஆபீஸின் எந்தக் காகிதத்திலும் அது கிடையாது. எங்களுக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது, அது சிரிப்புக்கு. எங்களுக்கென்று ஒரு மண் இருக்கிறது, அது கப்பும் சாஸருமாகப் போய் மெட்ராஸ் ஆபீசர்கள் மேஜையில் டீயோடு உட்காரும். அந்தக் கல்லின் தூசி மட்டும் எங்களுக்கு.

அடுத்து வந்த சூப்பிரண்டு பயந்தவர். கடிதங்கள் தொடர்ந்தன. பொறுக்க முடியாமல் நானும் அக்காவும் கடலூர் போனோம். மாவட்டத்துப் பெரிய ஆபீஸில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு, உங்கள் நிலையம் எங்கள் கையில் இல்லை, நேராக மெட்ராஸுக்குக் கீழே வருகிறது என்றார்கள். அடுத்த வாரமே மெட்ராஸும் போனோம். பத்து மணிக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா புதுப் புடவை கட்டியிருந்தாள். வராண்டாவில் இருமினால் துரத்திவிடுவார்களோ என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டே இருந்தாள். நான்கு மணிக்கு ஒரு பியூன் வந்து, அதிகாரி ஊரில் இல்லை, டெல்லிக்குக் கேம்ப் போயிருக்கிறார் என்றார். எதற்கு என்று கேட்டேன். ஏதோ மெஷின் வாங்க அனுமதி கேட்கத்தான் என்றார்.

எங்களுக்கு அனுமதி தர வேண்டியவர் வேறொருவரிடம் அனுமதி கேட்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவரும் டெல்லியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டு அங்கே யாராவது சிரித்திருப்பார்கள். அந்த வலி தெரிந்தவர்தானே, அதை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் தலையில் அப்படியே இறக்குகிறார்?

மாநிலத்துக்கு அதிக அதிகாரம் வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்ட காலம் வந்தது. எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்திலும் போட்டார்கள். என் கணவரோடும், கைக்குழந்தையாக இருந்த இரண்டாவது பிள்ளையோடும் நானும் போனேன். மெட்ராஸிலிருந்து வந்த பேச்சாளர் அருமையாகப் பேசினார். ஒரு பாலம் கட்டுவதற்கும் ஒரு ஆலை வைப்பதற்கும் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் போய்க் கைகட்டி நிற்க வேண்டுமா, நம் மண்ணையும் மொழியையும் அறியாதவர்கள் நம் தலையெழுத்தை எழுதுவதா என்று கேட்டார். நான் கை வலிக்கத் தட்டினேன். நடிப்பு இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் என் நெஞ்சிலிருந்து எடுத்துப் பேசின மாதிரி இருந்தது. அதனால்தான் அந்தத் துணிச்சல் வந்தது. கணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேடைக்குக் கொடுத்தனுப்பினேன். "டெல்லியிடமிருந்து வாங்குகிற அதிகாரத்தில் விருத்தாசலத்துக்கு எவ்வளவு தருவீர்கள்?" கீழே என் பெயரையும் வேலை செய்கிற இடத்தையும் எழுதினேன். முட்டாள்தனம். பெயர் இல்லாத கேள்விக்கு மரியாதை இருக்காது என்று நினைத்தேன்.

பேச்சாளர் சீட்டை வாங்கிப் படித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேறு இரண்டு சீட்டுகளுக்குப் பதில் சொன்னார்.

பத்தாம் நாள் எனக்கு மெமோ வந்தது. அரசு ஊழியர் அரசியல் கூட்டத்தில் பங்கு கொண்டதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். ஆபீஸுக்குத் தமிழ் டைப்ரைட்டர் வந்திருந்த சமயம் அது. அதில் இரண்டு பக்கம் அடித்தேன். கூட்டத்தில் பேசப்பட்டதைத்தான் நானும் கேட்டேன். டெல்லிக்கும் மெட்ராஸுக்கும் நடுவில் இருக்கிற தூரம் அநியாயம் என்றால் மெட்ராஸுக்கும் காலனித் தெருவுக்கும் நடுவில் இருக்கிற தூரமும் அநியாயம்தான். ஊரில் அரை நாளில் முடிந்த வேலையை ஊர்க்காரர்கள் செய்தார்கள் என்பதற்காகவே கழற்றிப் போட்டவர்களுக்கு மற்றவர்களிடம் உரிமை கேட்க வாய் ஏது என்றும் எழுதினேன்.

சூப்பிரண்டு அதைப் படித்துவிட்டு நாலாகக் கிழித்தார். தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும் என்று தானே இங்கிலீஷில் நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். நீங்கள் கைக்குழந்தைக்காரி, யோசித்துப் பாருங்கள் என்றார். யோசித்தேன். கையெழுத்துப் போட்டேன். என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பெரும்பங்கு அந்தக் கையெழுத்தின் மேல்தான்.

அக்கா அந்த வருஷம் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். குடிசையைக் காலி பண்ணிக்கொண்டு சொந்தக் கிராமத்துக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லூர் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து, இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன். படுக்க முடியவில்லை, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தே இருந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தினாள். அவள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். ஃபேன் வந்துவிட்டதா என்று அக்கா கேட்டாள். சீக்கிரம் வந்துவிடும் என்றேன்.

"அந்த ஊதுகொழல யாராச்சும் எடுத்துகிட்டுப் போனாங்களா?"

"அங்கதான் கெடக்குதுக்கா. துருப் புடிச்சிடுச்சி."

கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டிருந்தாள். "ஓடுச்சில்ல?" என்றாள். "நல்லாத்தான ஓடுச்சி?"

நன்றாக ஓடியது என்றேன். கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை மகளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அறுவடை முடிந்த சமயம் அவள் இறந்துபோன செய்தி வந்தது. கிராமத்து இறப்புப் பதிவுப் புத்தகத்தில் காசம் என்று எழுதினார்கள். கல் தூசியால் ஒருவரும் எங்கள் பக்கத்தில் செத்ததாக எங்கேயும் எழுத்தில் இல்லை. அதனால் அப்படி ஒரு வியாதி எங்கள் பக்கத்தில் இல்லை என்றே மெட்ராஸில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஃபேன் வந்தது. அவள் இறந்து எட்டு மாதம் கழித்து, மரப்பெட்டியில், லாரியில். நல்ல ஃபேன் என்பதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஊதுகுழலைவிட நன்றாக இழுத்தது, சத்தமும் கம்மி. அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் வேலை செய்தவர்கள் ஒழுங்காக மூச்சு விட்டார்கள். எனக்கு அதுவும் கோபம்தான். முடியாத காரியத்தைக் கேட்டுத் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் ஊர் கையில் இருந்த கொஞ்சமும் போயிற்று. எழுபதுகளின் நடுவில் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தது, மறுபடி தேர்தல் வைக்கவில்லை. தலைவர் இருந்த இடத்தில் தனி அதிகாரி வந்தார், வாரத்தில் சில நாள். காலனித் தெருவில் குழாய் உடைந்தபோது பெண்கள் பழக்கத்தில் மண்டி வாசலுக்குத்தான் போனார்கள். நானும் போயிருந்தேன். பழைய தலைவர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இங்க குந்தி என்னாம்மா பிரயோஜனம்?" என்றார். "என் கையில இப்ப ஒண்ணுமே இல்ல."

அவர் கள்ளம் இல்லாமல்தான் சொன்னார். அந்த மனிதரை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. ஆனால் அவரைக் கண்டால் கேள்வி கேட்க முடிந்தது, அவர் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க முடிந்தது. தனி அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். மேலே எழுதுவதாகச் சொன்னார்.

அந்த வருஷமே அக்காவின் மகள் வேலை கேட்டு நிலையத்துக்கு வந்தாள். பதினெட்டு வயசிருக்கும். கல் உடைக்கிற கொட்டகையில்தான் இடம் காலி. கப்புகளுக்குப் பூ வரைகிற பிரிவில் ஆள் குறைவு, ஆனால் ஒரு பிரிவு ஆளை இன்னொரு பிரிவில் போட மெட்ராஸ் ஒப்புதல் வேண்டும். அப்போது இருந்த சூப்பிரண்டு சின்ன வயசுக்காரர், நல்லவர். கடிதம் ஒன்று எழுதிப் பார்க்கலாமே அம்மா என்று என்னிடம் காகிதத்தை நீட்டினார்.

"எழுதாதீங்க சார்" என்றேன். "அந்தப் பொண்ண நாளைக்கிக் காலையில பூ போடற எடத்துல குந்த வெச்சிடுங்க. கேட்டா நான் பதில் சொல்றேன்."

அவர் காகிதத்தை டிராயருக்குள் போட்டு மூடினார்.

மறுநாள் காலையில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மெல்லிய பிரஷால் சாஸரின் விளிம்பில் நீலக் கோடு இழுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். முதல் பத்தும் கோணலாகப் போனது. பக்கத்தில் இருந்த பெண் கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டினாள். இன்ஸ்பெக்ஷனுக்கு இரண்டு தடவை ஆள் வந்து போனார்கள். அவள் எந்தப் பிரிவு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பது மெட்ராஸுக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியம் ஒருநாளும் இருந்ததில்லை.